தொடர்பு முகவரி

ஒரே பெண்ணை இரண்டு தரம் பிறக்கவைத்தோம்,
கடலைப் பார்த்த அந்தத் துறையின்
ஏசி ஓடாத அறையில் உட்கார்ந்து.
பெயர் தினகரி. வயது இருபத்திமூன்று.
பி.காம்., எழுபத்தொரு விழுக்காடு. டேலி தெரியும்.
தட்டச்சு லோயர், முதல் வகுப்பு.
ஒருத்தி பெசன்ட் நகர், குறுக்குத் தெரு.
இன்னொருத்தி பெரும்பாக்கம்,
பிளாக் எண், கதவு எண்.
மற்றபடி ஒரு கால்புள்ளிகூட மாறவில்லை.

எந்தக் கம்பெனிக்கு எவள் என்பதைச்
சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தோம்.
கடவுளும் இப்படித்தான் செய்திருப்பார் என்றான் அருமைநாதன்.
ஹெப்சிபா மேடம் சிரிக்கவில்லை.
"அவர் நெறிமுறைக் குழுவில்
அனுமதி வாங்கினாரா?" என்றார்.

மேசைமேல் இரண்டு போன்.
சிவப்பு ரப்பர் பேண்ட் போட்டது பெசன்ட் நகர்.
நீலம் எங்கள் ஏரியா.
எங்கள் என்று அந்த அறையில் நான் சொன்னதில்லை.

சிவப்புக்கு மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.
நீலத்துக்குத் திங்கட்கிழமை போட்டது
வெள்ளிவரை அப்படியே இருந்தது.
கண்டுபிடிப்பு அவ்வளவுதான்.
மிச்ச நாற்பது பக்கமும் அதற்கு எழுதிய உரை.

போனை எடுப்பது என் வேலை.
சொல்ல வேண்டிய வரியை அச்சடித்துச்
சுவரில் ஒட்டியிருந்தார்கள்:
"நன்றி சார், வேறு இடத்தில் வேலை கிடைத்துவிட்டது."
முப்பத்தெட்டு முறை சொன்னேன்.
அண்ணா நகர் ஆடிட்டருக்கு,
கிண்டியில் ஏசி விற்கிறவருக்கு,
இன்னும் ரெண்டாயிரம் சேர்த்துத் தருகிறேன் என்று கெஞ்சிய
நுங்கம்பாக்கம் டிராவல்ஸுக்கு.
பிறக்காத ஒருத்திக்காக
அத்தனை வேலையையும் வேண்டாம் என்றேன்.

ராத்திரி பஸ் இறங்கி
லிப்ட் ஓடாத படியேறினால்
இரண்டாம் மாடியில் ரூபவதி நிற்பாள்.
அவளும் பி.காம். எழுபத்து நான்கு.
"காலேஜ்ல எதுனா வேல இருந்தா சொல்லேன்க்கா."
கூவத்துக் கரையில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.
ஒரே லாரியில்தான் இங்கே வந்து இறங்கினோம்,
அவள் மடியில் மூடி தொலைந்த மிக்சி ஜார்.
பார்க்கிறேன் என்பேன்.
ஆய்வு முடியும்வரை வெளியே பேசக்கூடாது,
அதற்கும் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

ஒன்பதாவது வாரம் நீலம் அடித்தது.
அருமைநாதன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தான்.
வேளச்சேரி, பர்னிச்சர் கடை.
"பெரும்பாக்கம்னா கிட்டத்தானேம்மா,
நாளைக்கே வந்துடேன்" என்றது ஒரு வயசான குரல்.
சுவரில் வரி இருந்தது.
வாய் அதைச் சொன்னது.
"அப்படியா, சந்தோஷம்மா" என்று வைத்துவிட்டார்.
நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.
அதைத்தான் தாங்க முடியவில்லை.

மேடம் ஒரு கட்டத்தை மஞ்சளாக்கினார். சேமித்தார்.
திரையைப் பார்த்தபடியே கேட்டார்:
"அங்கே யாரையாவது தெரியுமா உனக்கு?"

என் அடையாள அட்டையில் மந்தைவெளி என்று இருக்கிறது.
அத்தை வீடு. வேலைக்குச் சேரும்போது கொடுத்தது.
இரண்டு வருஷமாகக் கழுத்தில் தொங்குகிறது.
அதைக் கழற்றி
இரண்டு போனுக்கும் நடுவில் வைத்தேன்.
மேடம் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"உன்னை எந்தப் பட்டியலில் சேர்ப்பது, டில்லிராணி?"
என்னைக் கேட்டாரா, தன்னையா, தெரியவில்லை.

கடைக்காரர் எண்ணை ரூபவதிக்குத் தரலாமா என்று
குழுவுக்கு எழுதியிருக்கிறோம்.
இன்னும் பதில் வரவில்லை.

நேற்று முகவரி மாற்றும் படிவம் கேட்டு
அலுவலகத்துக்குப் போனேன்.
கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
கரிசனமாகத்தான் கேட்டார்:
"மந்தைவெளி நல்லாத்தானேம்மா இருக்கு,
அத ஏன் மாத்துற?"