காலை பத்து மணி இரவு

ஆறரைக்கு ஏப்ரனைக் கழற்றினேன்.
எட்டரைக்கு 154 பஸ்ஸில் நின்றேன்.
குளித்தும் காதுமடலில் மா இருந்ததாம்,
யதுசிகா எச்சில் தொட்டுத் துடைத்துவிட்டாள்,
முன் சீற்றுப் பொம்பிளை பார்த்துக்கொண்டிருக்க.

மேல்மாடி ஷாகிரும் வந்தான்.
அவன் வாப்பா காசு தந்தார்.
வேண்டாமென்றேன். பிறகு வாங்கிக்கொண்டேன்.
மாதக் கடைசி.

கொங்கிரீட்டில் கட்டிய தாமரை மொட்டு.
"மொட்டு இல்லை, ரொக்கெட்" என்றான் ஷாகிர்.
எனக்கு அது
நடுவில் உப்பி, ஓரம் தட்டில் பிடித்துக்கொண்ட கேக்.
சொல்லவில்லை.
லீவு நாளில் வேலையைப் பற்றிப் பேசக்கூடாதென்று
வீட்டில் ஒரு சட்டம்.

கவுண்டரில் சொன்னார்கள்:
தமிழ்க் காட்சி இன்றைக்கு இல்லை,
பத்து மணிக்குச் சிங்களம்.
என் சிங்களம் போறணை வாசல் வரைக்கும்தான்:
மா, சீனி, ஈஸ்ட், கருகுது, இழு,
இன்னும் பத்து நிமிஷம்.
இதற்குள் வியாழன் எப்படி நுழையும்?
"நாங்க சொல்லித் தாறம்" என்றார்கள் இரண்டு பேரும்
ஒரே நேரத்தில்.

உள்ளே குளிர்.
முதுகு வைத்தால் பின்னால் சாயும் நாற்காலி.
நடுவில் இரண்டு தலை எறும்பு மாதிரி ஒரு இயந்திரம்.
மேலே கூரைக்குப் பதில் பெரிய வெள்ளை வயிறு.
எங்கிருந்தோ வந்த ஒரு பள்ளிக்கூடம்
வரிசை வரிசையாகச் சத்தம் போட்டது.

பிறகு இருட்டியது.
பொசுக்கென்று இல்லை. கடல் பக்கம் கொஞ்சம் வெளிச்சம் வைத்து,
மாடிக்கட்டிடங்களை நிழலாக்கி,
அப்புறம் அதையும் எடுத்து.
ஒரேயடியாக எல்லா நட்சத்திரமும் வந்தன.
பள்ளிக்கூடம் "ஓ" என்றது.
கறுப்புத் தட்டில் மா தூவினால் எப்படி…
சட்டம், சட்டம்.

பதினொரு வருஷமாக
இரவு எனக்கு ஒரு டியூப் லைட்,
அறுநூறு றாத்தல் பாண்,
இரண்டு மணிக்கு லயனல் ஊற்றுகிற பிளேன்ரீ.
போறணைக்கும் பூரணைக்கும்
இரண்டு எழுத்துத்தான் வித்தியாசம்.
நான் நிற்பது இந்தப் பக்கம்.
நிலா நிறைந்துவிட்டதென்று எனக்குத் தெரிவது
மீன் பணிஸ் ஓடர் குறைவதை வைத்து.

இப்போது யாரோ
காலை பத்து மணிக்கு
ஒரு முழு இரவை எடுத்து என் மேல் போர்த்தினார்கள்.
யாருக்கும் பாண் தேவையில்லாத இரவு.
ஒரு பெண்குரல் சிங்களத்தில்
ஆறுதலாக எதையோ எண்ணிக்கொண்டு போனது.
இடது காதில் யதுசிகா: "அப்பா, அது செவ்வாய்."
வலது காதில் ஷாகிர்: "அங்கிள், சிவப்பா இருக்கே, அது."
செவ்வாய் வரைக்கும் நினைவிருக்கிறது.

விடிந்ததும் நினைவிருக்கிறது.
கிழக்கு வெளுத்ததைக் கண்டு
"தட்டை இழு, கருகுது!" என்றேனாம்.
சிங்களத்தில்.
முன்வரிசை முழுக்கத் திரும்பியதாம்.
ஒரு மிஸ் மட்டும் வாயைப் பொத்திச் சிரித்தாராம்,
அவருக்கும் யாராவது பேக்கரியில் இருக்கக்கூடும்.

வெளியே வெயில் அடித்துக் கிடந்தது.
மர நிழலில் பணிஸைப் பிரித்தோம்.
நேற்று இரவு நான் போட்டதுதான், பொரிந்த பக்கம்
ஷாகிருக்கு.
"அப்பா, சனியைப் பார்த்தீங்களா?"
"பார்த்தேனே. வளையம் வடிவாத்தான் இருந்தது."
"சனி வரேக்கை நீங்க குறட்டை."
"இல்லை" என்றான் ஷாகிர், நியாயவாதி.
"சனிக்கு அங்கிள் வாயைத்தான் திறந்தார்.
குறட்டை நெப்டியூனுக்கு."
அதில் தொடங்கிய சண்டை
பஸ்ஸில் ஏறியும் முடியவில்லை.
ஒருவருக்கொருவர் என் வாயைத் திறந்து காட்டினார்கள்.

எட்டு மணிக்கு வேலை.
ஐம்பது நிமிஷம் தூங்கியிருக்கிறேன்,
சூரியனைச் சுற்றிவிட்டு வந்த மாதிரி
முழங்கால் லேசாக இருந்தது.

"அடுத்த தரம் தமிழ் இருக்கிற நாளாப் பார்த்து வருவம்,
அப்ப உங்களுக்கு எல்லாம் விளங்கும்" என்றாள் யதுசிகா.
வேண்டாம் பிள்ளை, என்றேன்.
தமிழென்றால்
கேட்க வேண்டி வரும்.