விடுப்பு நீட்டிப்பு: காரணம்

கொம்தார், பத்தொன்பதாம் மாடி.
குளிர்சாதனத்துக்கு நேர் கீழே என் மேசை,
வருஷம் முழுக்க சுவெட்டர்.
போகிறவர்களை அனுப்பிவைக்கும் பிரிவு இது.
பல் மருத்துவர், கிணற்றுப் பொறியாளர், தாதி,
இங்கே பாதிச் சம்பளம் வாங்கிக்கொண்டு
எங்கோ போய் ஓராண்டு உழைத்துவிட்டு வருகிறவர்கள்.

அவர்கள் உலகத்தைப் பற்றிக் கேட்பதில்லை.
ஓய்வூதியக் கணக்கில் அந்த ஓராண்டு சேருமா?
சேரும்.
வீட்டுக் கடன்?
சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.
அங்கே செத்துப்போனால்?
மூன்றாம் பக்கம், கடைசிப் பத்தி.
உடலைக் கொண்டுவரும் செலவு உட்பட.
இதைச் சொல்லும்போது மட்டும்
கணினியிலிருந்து தலை நிமிர்வேன்.

பிலவேந்திரன் ஒன்றும் கேட்கவில்லை.
பொது மருத்துவமனையில் இயந்திரம் பழுது பார்ப்பவர்.
கையெழுத்துப் போட்டார்.
ஜெலுத்தோங் கடையில் ரப்பர் வளையங்கள் வாங்கிய ரசீதை நீட்டினார்,
பதினான்கு வெள்ளி அறுபது காசு.
பயணத் தேதிக்கு முந்தைய செலவு,
விதியில் இடமில்லை என்றேன்.
சரி என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.
அந்தச் சரி
இரண்டு நாள் என் மேசையிலேயே கிடந்தது.

போன இடம் மலாவி,
வரைபடத்தில் ஒரு நீண்ட ஏரியின் ஓரம்.
மாவட்ட மருத்துவமனையின் பின்புறம், தகரக் கொட்டகையில்
பதினொரு இன்குபேட்டர்கள்.
ஐந்து நாடுகள் அன்பளித்தவை,
ஐந்து கொடிகளும் வெயிலில் உரிந்து ஒரே நிறமாகியிருந்தன.
ஒவ்வொன்றிலும் இல்லாமற்போனது
ஏதோ ஒரு சின்னது:
ஒரு ஃபியூஸ், ஒரு வளையம்,
ஜெர்மன் மொழியில் இருந்த ஒரு பக்கத்தைப்
படித்துச் சொல்ல ஓர் ஆள்.

இதெல்லாம் காலாண்டு அறிக்கையில் கண்டது.
பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள் என்ற கட்டத்தில்
இரண்டு என்று எழுதி, அடித்து,
ஒன்று என்று எழுதியிருந்தார்.
மற்றவன் சுரங்க வேலைக்குப் போய்விட்டானாம்,
சம்பளம் மூன்று மடங்கு.
அடித்த இடத்தில் சுருக்கொப்பம் இல்லை,
திருப்பி அனுப்பு என்றார் மேலதிகாரி.

மாதம் ஒருமுறை, பசியாறப் போகும் நேரம் பார்த்து,
குழந்தைகள் வார்டு சிஸ்டர் நோர்ஹயாத்தி போனில் பிடிப்பார்.
"ஊருக்கெல்லாம் ஆள் அனுப்புறீங்க.
என் வார்டில் ஒரு வார்மர் மூன்று வாரமாய்ச் சூடேறவில்லை.
இங்கே யார் வந்து பார்ப்பது?"
மாற்று ஆள் நியமனம் நிலுவையில் உள்ளது, என்பேன்.
என் வாயிலேயே
பழுதாகிக் கிடக்கும் வாக்கியம் அது.

நேற்று வந்தது நீட்டிப்பு விண்ணப்பம்.
பதினைந்து நாள்.
பத்து இயந்திரங்கள் ஓடுகின்றன, என்று எழுதியிருந்தார்.
பதினொன்றாவதில் கோழி அடை கிடக்கிறது.
வார்டு உதவியாளர் ஒருவருடைய கோழி.
இன்றோடு ஆறாம் நாள்.
நடுவில் எழுப்புவது முறையல்ல என்கிறார்கள்,
எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கணினியில் காரணங்களுக்கு ஏழு குறியீடுகள்.
நோய், போர், வெள்ளம், விமானம் ரத்து,
இன்னும் மூன்று.
எதிலும் கோழி அடங்கவில்லை.
ஸலேஹா அக்கா நாற்காலியை உருட்டி வந்து எட்டிப் பார்த்தார்.
"கருவி தற்போது பயன்பாட்டில் உள்ளது, என்று போடேன்.
பொய் இல்லையே."
போட்டேன்.
மேலதிகாரி படிக்காமலே ஒப்பமிட்டார்.

இன்று மறுபடியும் சிஸ்டர்.
எப்போது வருகிறார் உங்கள் ஆள்?
இன்னும் பதினைந்து நாள் என்றேன்.
ஏன்?
சொன்னேன்.
போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பின்னால் ஏதோ ஒரு குழந்தை வீறிட்டது,
யாரோ ஒரு இழுப்பறையை மூடினார்கள்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
எத்தனை முட்டை என்று கேட்டார்.

கோப்பை எடுத்துத் தேடினேன்.
குறிப்பிடப்படவில்லை.
இன்று மாலை எழுதிக் கேட்க வேண்டும்,
எந்தப் படிவத்தில் என்றுதான் தெரியவில்லை.