வாசல் அவன் பக்கம்

ஆகஸ்ட் மழை விட்ட மூன்றாம் நாள்
வேலிக் கம்பத்தின் தலையில்
முதல் கவளம் சேறு வந்து விழுந்தது.
கம்பம் யாருடையது என்பதில்
எனக்கும் வில்மாருக்கும்
பதினோரு வருடமாகப் பேச்சில்லை.
பறவைகள் விசாரிக்கவில்லை.

ஓர்னேரோ என்போம்.
அடுப்பு வைத்து ரொட்டி சுடுகிறவன் என்று அர்த்தம்.
தவிட்டு நிறம், தொண்டையில் கொஞ்சம் வெளுப்பு.
அவனா அவளா, பார்த்துச் சொல்ல முடியாது.

நான் பல் செட் கட்டுகிறவள்.
மெர்செதெஸ் ஊரில் பாதிப் பேர்
என் பற்களால்தான் மாட்டிறைச்சி மெல்கிறார்கள்.
சாந்து குழைக்கத் தெரிந்தவள் சொல்கிறேன்,
அந்தப் பதம் எனக்கு வராது.
சாலைக் குழியின் சேறு, குதிரைச் சாணம்,
வில்மார் வெட்டிப்போட்ட புல்லில் நாலு தாள்.
ஒன்று பூசும்போது மற்றது
வாய் நிறையச் சேற்றோடு காத்து நிற்கும்.
பிறகு இரண்டுமாகச் சிறகை உதறி
ஒரே மூச்சில் கத்தும்,
கடன் அடைத்துவிட்டு வந்தவர்களைப் போல.

சுவர் எழுந்தது, வளைந்தது, கூரை மூடியது.
வாசலை அவன் பக்கம் வைத்தன.

எனக்குக் கிடைத்தது முதுகு.
பூசணிக்காய் அளவில் ஒரு மண் முதுகு.
ஒன்று வர ஒன்று போக,
அந்த ஆள்மாற்றத்தை வைத்தே
முட்டை இட்ட நாளைக் கணக்குப் போட்டேன்.
அக்டோபரில் ஒரு காலை
உள்ளேயிருந்து நூல் இழுக்கிற மாதிரி
ஒரு சத்தம்.
பொறுக்கவில்லை.

பட்டறையிலிருந்து வாய்க்கண்ணாடியை எடுத்து
(கடைவாய்ப் பல்லின் பின்புறம் பார்ப்பது,
ஒரு நாணயம் அளவு)
துடைப்பக் கட்டையில் கட்டி
வேலிக்கு மேல் நீட்டினேன்.
வானம் தெரிந்தது.
எலுமிச்சை இலை தெரிந்தது.
அப்புறம் வில்மாரின் கண் தெரிந்தது.

அன்று முழுக்க ஒரே மேல்தாடையை
மூன்று தடவை தப்பாக வார்த்தேன்.

மறுநாள் அவன் கொட்டகைச் சுவரில்
ஒரு சவரக் கண்ணாடி தொங்கியது.
சிவப்புப் பிளாஸ்டிக் சட்டம், ஒரு மூலை உடைசல்.
அந்த உயரத்தில் யாரும் சவரம் செய்ய முடியாது.
கீழே மரத்துண்டு செருகி
சாய்வு பார்த்து வைத்திருந்தான்.
என் சமையலறை ஜன்னலில் நின்றால்
வாசல் முழுசாக.

முதலில் இருட்டு மட்டும்.
இரண்டு வாரம் கழித்து மூன்று வாய்கள்,
ஓரத்தில் மஞ்சள் தைத்தவை.
பல் எண்ணப் போனேன், தொழில் புத்தி.
புழு, வண்டு, கால் நிறைய இருந்த ஏதோ ஒன்று,
எல்லாம் உள்ளே போயின.

கண்ணாடி குருவியை மட்டுமா காட்டும்?
பனியனோடு வில்மார்.
மாத்தே குடுவையோடு வில்மார்.
சூப்பை நின்றுகொண்டே குடிக்கிற வில்மார்.
மெல்வது இடது பக்கம் மட்டும்.
அப்படியானால் வலது கீழ்க் கடைவாய் இரண்டும் போய்விட்டன,
இங்கிருந்தே சொல்வேன். சொல்லவில்லை.
எனக்கு அவன் தெரிந்தால் அவனுக்கு நான் தெரிவேன்.
அந்த வாரம் அக்குள் கிழிந்த மேலங்கியைத்
தூக்கிப் போட்டேன்.

நவம்பரில் பறந்தன.
ஒன்று என் பீச் மரத்துக்கு,
ஒன்று அவன் கொட்டகைக் கூரைக்கு.
மூன்றாவது பகல் முழுக்க
வாசலில் தலையை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டது.
நான் ஜன்னலில். அவன் நாற்காலியில்.
அடுப்பில் பால் தீய்ந்தது, ஓடினேன்.
திரும்பி வந்தால் காலி வாசல்,
நாற்காலியிலும் ஆள் இல்லை.
அது போனதை அவனாவது பார்த்தானா,
இன்னும் எனக்குத் தெரியாது.

ஜனவரியில், ரொட்டிக் கடை வரிசையில்
எனக்கு இரண்டு ஆள் முன்னால் வில்மார்.
காசு கொடுக்கும் முன்பே ஒரு பிஸ்கட்டைக் கடித்தான்.
வலது பக்கம் மென்றான்.

தினமும் கண்ணாடிக்குள் வேலை செய்கிறவளுக்கு
இதுகூடத் தோன்றவில்லை.
போனவை இடது கடைவாய்ப் பற்கள்.
கூட்டின் வாசலையும்
இத்தனை நாளும் தப்பான ஓரத்தில்தான்
நோட்டில் வரைந்திருக்கிறேன்.

கண்ணாடியை அவன் கழற்றவில்லை.
இன்று அதில் ஒரு மஞ்சள் குருவி,
யாரோ கட்டிய வீட்டுக்குள்
வைக்கோலோடு நுழைகிறது.

இரண்டு பல் பெரிய வேலை இல்லை.
ஆனால் முதலில் அச்சு எடுக்க வேண்டும்.
அச்சு எடுக்க,
வாயைத் திற என்று சொல்லியாக வேண்டும்.