வடிவமைத்தபடியே

மருதானையில் ஏழாம் மாடி. ஏசி பதினெட்டில்.
மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு
நான் பிழை தேடுகிறேன்.
அதற்குத்தான் சம்பளம்.

இம்முறை வந்த ஆவணம் நூற்றுநாற்பது பக்கம்.
ஆயுதம் என்ற சொல் எங்கேயும் இல்லை.
"பொருள்" என்றிருந்தது. "குழாய்" என்றிருந்தது,
ஒன்றிலிருந்து பதினாறு வரை.
"கலம்" மேலே வராது;
செய்மதியோடு கதைக்காமல் தொண்ணூறு நாள்
தன் நேரத்தைத் தானே காக்க வேண்டும்.
"மீன் ஏத்திற கப்பலா இருக்கும்" என்றான் இமேஷ்.
இருக்கும் என்றேன் நானும்.
மீன் பணிஸ் வந்தது, சாப்பிட்டோம்.

எண்பத்தெட்டாம் பக்கத்தில்தான் விளங்கியது.
இரண்டு சாவி. இரண்டு ஆள். நடுவில்
ஒருவர் கை மற்றதுக்கு எட்டாத தூரம்.
குளிரூட்டிய மீனுக்கு எவன் இரண்டு சாவி வைப்பான்?
இமேஷைப் பார்த்தேன். அவன் திரையைப் பார்த்தான்.
இரண்டு பேருக்கும் வீட்டுக்கடன்.

அவர்கள் கேட்டது வெறும் நேரம்:
படி ஒன்றிலிருந்து ஏழு வரை
எத்தனை மில்லி விநாடி, எதுவும் பிந்தக்கூடாது.
நான்காம் படியில் "நிறுத்து" அழுத்தினேன், நின்றது.
ஐந்தில் அழுத்தினேன்.
ஆறு.
ஏழு.
பச்சை விளக்கு.
திரும்பவும் செய்தேன். முப்பத்தொரு தரம்.

யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ளிருந்து ஷெல் குத்துற சத்தம் கேட்டால்
அப்பா எண்ணத் தொடங்குவாராம்,
ஒன்று, இரண்டு, மூன்று,
பதினொன்றில் எங்கேயோ விழும்.
எங்கேயோ என்றால் அடுத்த ஒழுங்கை,
இல்லாவிட்டால் அதற்கடுத்தது.
எண்ணி என்ன செய்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.
எண்ணினோம் என்றார்.

அறிக்கை எழுதினேன்.
பிழை இலக்கம் நாலாயிரத்து இருநூற்றுப் பதினேழு.
ஐந்தாம் படியிலிருந்து நிறுத்து வேலை செய்யவில்லை.
தீவிரம்: உச்சம்.
பாதிக்கப்படுவோர்: இது கட்டாயம் நிரப்ப வேண்டிய பெட்டி.
"எல்லோரும்" என்று தட்டினேன். பட்டியலில் இல்லை என்றது.
இயக்குநர், பராமரிப்பாளர், பயிற்றுநர், ஏனையோர்.
ஏனையோரைத் தெரிவுசெய்தேன்.

பின்னேரம் வெள்ளவத்தையில் இறங்கி
பாணந்துறை ரயில் போகும்வரை பார்த்து நின்று
தண்டவாளம் கடந்து கல்லில் இருந்தேன்.
ஒரு குடைக்குள் இரண்டு பேர்.
ஒரு நாய், நண்டுப் பொந்தைக் கிண்டியபடி.
அந்தக் கலம் இன்னும் கட்டி முடியவில்லை, தெரியும்.
இருந்தாலும் அலை முடிந்து
அலையே இல்லாத ஆழம் தொடங்குகிற இடத்தில்
ஒருவன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தான்,
மற்றவனிடம் சீனி எத்தனை என்று கேட்டபடி.
இரண்டு பேர் கழுத்திலும் சாவி.

இரவு பதினொன்றரைக்குப் பதில் வந்தது.
மரியாதையான மனிதர், முதலில் நன்றி சொல்லியிருந்தார்.
பிழை அல்ல.
வடிவமைத்தபடியே இயங்குகிறது.
தயவுசெய்து மூடவும்.

மூடு என்பதை அழுத்தினால்
சின்னதாய் ஒரு சாளரம் எழும்பிக் கேட்கிறது:
நிச்சயமாகவா?
ஆம். இல்லை.

காலி வீதியில் கடைசி நூறாம் நம்பர் பஸ்
ஆளில்லாத தரிப்பிலும் நின்றுவிட்டுப் போகிறது.
மடிக்கணினி சூடேறி மடி வேர்க்கிறது.
எட்டரைக்கு வந்ததும் இமேஷ் கேட்பான்,
பதினேழு ஏன் இன்னும் திறந்து கிடக்கு என்று.