இருபது ஹெர்ட்ஸ்

தடைக்காலத்தின் நாற்பத்தோராம் நாள்.
மண்டபம் வடக்குத் துறையில்
விசைப்படகுகள் தோள் உரசி நிற்கின்றன,
எஞ்சின்கள் வாய் பொத்தி.
பதினெட்டு வருடம் டிரைவராக ஓடியவனுக்கு
இந்த அமைதி
கால் மாற்றிப் போட்ட செருப்பு.

கீழக்கரையிலிருந்து சதக் வந்தான்.
துபாய் லீவில் இன்னும் இருபத்தாறு நாள் பாக்கி.
குளிப்பாட்டிய பிள்ளையைப் போல் துண்டில் சுற்றி
இரண்டு ஹெட்போன்.
ஒன்றின் விலைக்கு ஒரு செட் இழுவலை வாங்கலாம்.
மற்றதன் விலையை என்னிடம் சொல்லவில்லை,
வீட்டிலும் சொல்லியிருக்க மாட்டான்.
"ஒன்னை வச்சுக்குவேன், ஒன்னை விக்கணும்.
பாஸ் தெரிஞ்ச ஆளு நீதான். சொல்லு."

கறுப்பு முதலில்.
மூடிய கிண்ணம். மெத்தை காதைக் கவ்வியதும்
கடல் போய்விட்டது.
அலை சும்மா வாயசைத்துக்கொண்டிருந்தது.
தங்கச்சிமடத்துத் திருவிழாவில்
அவனே மைக் வைத்துப் பிடித்த பேண்டு செட்டைப் போட்டான்.
பெரிய டிரம் விழுந்தது.
லாரியிலிருந்து உப்பு மூட்டை விழுகிற விழுதல்.
தாடை வரை வந்தது, சுகமாகத்தான் இருந்தது.
ஆனால் ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவே சேறு.
பாடிய பையன்
இடுப்பளவு சேற்றில் நின்று பாடினான்.

வெள்ளி அடுத்து.
முதுகில் சல்லடை வைத்த திறந்த வகை.
கச்சான் காற்று உள்ளே வந்து போனது,
நண்டுக்காரி பேரம் பேசியதும்.
அதே டிரம். இப்போது
தோல் எவ்வளவு இறுக்கம்,
அடித்த கட்டைக்குத் துணி சுற்றியதா இல்லையா,
எல்லாம் தெரிந்தது.
தெரிந்தது, அவ்வளவுதான்.
எவனோ வாங்கிய அடியை
ஜன்னல் வழியே பார்ப்பது போல.

காதுக்கு வருவதில்லை மாப்பிள்ளை, பாஸ்.
நூற்றிருபது குதிரை டீசலைப்
பலகைக்குக் கீழே ஓடவிட்டுப் படுத்துப் பார்.
குதிகாலில் ஏறும், முழங்கால், இடுப்பு,
கடைவாயில் அடைத்த வெள்ளி வரை போகும்.
காது கடைசியில்தான் கேள்விப்படும்.

சதக் விடவில்லை.
போனில் ஒரு சோதனைச் சத்தம் வைத்திருந்தான்:
இருபது ஹெர்ட்ஸில் தொடங்கி
இருபதாயிரம் வரை ஏறும் ஒற்றைக் கோடு.
கேட்க ஆரம்பித்ததும் விரலைத் தூக்கு,
நின்றதும் இறக்கு.
டீ கொண்டுவந்த கித்தேரியையும் உட்கார வைத்தான்.
கறுப்பு எனக்கு, வெள்ளி அவளுக்கு,
ஒரே போனிலிருந்து இரண்டு வயர்.

ஆரம்பத்தில் நான்தான் ராஜா.
இருபத்திரண்டிலேயே விரலைத் தூக்கிவிட்டேன்.
சதக் விசிலடித்தான் என்பதை
உதட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.
கித்தேரி நாற்பதில்தான் தூக்கினாள்.
கோடு ஏறியது.
ஆண் குரல், பெண் குரல்,
கோயில் மணி, சைக்கிள் பிரேக்.
ஐயாயிரத்தில் மெலிந்து
ஆறாயிரத்தில் நூலாகி
அறுந்தது.
விரலை இறக்கி, "முடிஞ்சுது" என்றேன்.

சதக் போனை நிறுத்தவில்லை.
கித்தேரியின் விரல் மேலேயே இருந்தது.
ஏழு. எட்டு. பத்தாயிரம்.
வளையல் சறுக்கி முழங்கைக்குப் போயும்
விரல் மேலே.
குக்கர் விசிலை இத்தனை வருடம்
எனக்கும் சேர்த்து எண்ணியவள்
ஆச்சரியம் எதுவும் காட்டாமல்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
பதினாலாயிரத்தில் மெதுவாக இறக்கி
"டீ ஆறுது" என்றாள்.

ஆகவே சதக்,
என் தீர்ப்பில் பாதியைத்தான் நம்பு.
கறுப்பில் மேல் ஸ்தாயி மந்தம் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
அது கறுப்பின் மந்தமா என்பது
இனி எனக்குத் தெரிய வழியில்லை.
கீழே உள்ளதற்கு மட்டும் சாட்சி சொல்கிறேன்.

தடை நீங்க இருபது நாள்.
அதுவரை கறுப்பு இங்கே இருக்கட்டும்.
ராத்திரியில் அந்த முதல் இருபதை மட்டும்
சுற்றவிட்டுப் படுத்துக்கொள்கிறேன்.

வெள்ளியை அவசரப்பட்டு விற்காதே.
நீ பஸ் ஏறப் போகும்போது
கித்தேரி இன்னொரு தடவை கேட்கலாமா என்றாள்.
எதை என்றேன், டிரம்மையா?
"இல்ல. மேல இருந்துச்சே,
அதை."