கேட்டுக்கு எந்தப் பக்கம்

புதன்கிழமை மதியம் அது செத்தது.
குணபூஷணி டீச்சரின் வாரிசுச் சான்று
அறுபது சதவீதம் ஏறியிருந்தது.
மணலிக் காற்று போல ஒரு நெடி,
பிறகு திரையில் என் முகம் மட்டும்.

பதினோரு வருடம்.
பெயரில்லாத பெட்டி.
மண்ணடி முனவ்வர் பாய்
எங்கெங்கோ வாங்கிக் கோத்துக் கொடுத்தது.
"கம்பெனி என்ன பாய்?" என்றதற்கு
"நான்தான்" என்றார்.
முழங்காலுக்குத் தண்ணீர் வந்த வருடம்
பெட்டியைக் கவிழ்த்து வைத்து
பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து
எழுப்பி உட்காரவைத்துவிட்டு
டீ மட்டும் குடித்துப் போனார்.
இப்போது தம்மாமில்.
அவருடைய பழைய எண்ணில்
யாரோ ஒரு பெண் இந்தியில் கோபிக்கிறாள்.

மூடியைக் கழற்றினேன்.
கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி
கம்பளியாகப் படிந்திருந்தது.
திருகாணிகளில் கடல் துரு.
காத்தாடிக்குப் பின்னே
பொரிந்துபோன பல்லிமுட்டை ஓடு.
இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டா
எங்கள் தெருவின் ரேஷன் கார்டுகளை எல்லாம்
வெளியே அனுப்பிக்கொண்டிருந்தாய்?

சகாயம் துறைமுகத்திலிருந்து
ஒரு தீர்ப்போடு வந்தார்:
"எங்க மேனேஜர் மேசைல இருக்கறதே வாங்கிடு."
ஜெனிட்டா ஒன்றைக் காட்டினாள்,
அப்பளத்தைவிட மெல்லிசு,
விலை மட்டும் ஒரு முழுச் சீட்டு.
தங்கசாலைக் கடைக்காரர்
எல்லாப் பெட்டியையும் தட்டிக்கொடுத்து
எல்லாவற்றையும் "நம்பி எடுக்கலாம்" என்றார்,
ஒரே அளவு பிரியத்தோடு.
அதுதான் எனக்கு உதைத்தது.

காசிமேட்டில் என்றால்
செவுளைத் தூக்கிப் பார்த்துவிடலாம்.
இதற்குச் செவுள் எங்கே இருக்கிறது?

ஆதார் அட்டையை என் மேசையில் போட்டுவிட்டு
மார்க்கெட்டுக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.
ஓடிபி வந்தால் எடுத்துக்கோ என்று
போனையும் சேர்த்தே வைத்துவிட்டு.
அவர்கள் என் எதைத் தூக்கிப் பார்த்தார்களோ.

அட்டைப்பெட்டிகளின் முதுகிலிருந்த
சர்வீஸ் எண்கள் மூன்றை
கரன்ட் பில்லின் பின்புறம் குறித்துவந்தேன்.
நம்பகமான ஒன்றைத் தேடுகிறவள்
பொய்யில்தான் தொடங்கினேன்:
"உங்க கம்ப்யூட்டர் வாங்கினேன், கெட்டுப்போச்சு."

முதல் கம்பெனி வீணை வாசித்தது.
தமிழுக்கு இரண்டை அழுத்தினேன்.
மறுபடி வீணை.
சோறு வடித்தாயிற்று. வீணை முடியவில்லை.

இரண்டாவது உடனே எடுத்தது.
தேன் குரல். பின்கோடு கேட்டாள்.
சொன்னேன்.
கொஞ்சம் மௌனம்.
"மேடம், அந்த ஏரியாவுக்கு
ஆளுங்க வர யோசிப்பாங்க,
நீங்களே கிண்டிக்கு எடுத்துட்டு வந்துடுங்களேன்."
ஈரக் கால்மிதியை இரண்டு விரலால் தூக்குவதுபோல
தூக்கினாள் 'அந்த ஏரியா'வை.
விற்க வருகிற வண்டிக்கு மட்டும்
எங்கள் சந்து மனப்பாடம்.

மூன்றாவதை எடுத்தவர் முதலில் இருமினார்.
"கொருக்குப்பேட்டையா?
கேட்டுக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா?"
எனக்குத் தொண்டையில் ஏதோ ஆயிற்று.
"உங்களுக்கு எது அந்தப் பக்கம்?" என்றேன்.
சிரித்தார்.
"நாளைக்கு முடியாதும்மா, சும்மா சொல்ல மாட்டேன்.
வெள்ளிக்கிழமை, பதினொண்ணுக்குள்ள.
கேட் போட்டுட்டான்னா பதினொண்ணரை."

உண்மையைச் சொல்லிவிட்டேன்.
இன்னும் வாங்கவே இல்லை என்று.
திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.
"வாங்கறப்போ பில்லுல
கடை சீல் போட்டு வாங்கிக்குங்க,
நிறைய பேர் மறந்துடறாங்க" என்று
வைத்துவிட்டார்.
பேர் கேட்கத் தோன்றவில்லை.

மூன்றிலும் கனமானது அதுதான்.
கறுப்பு.
ஜெனிட்டா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
சகாயம், மேனேஜருக்கு இதெல்லாம்
தெரிந்திருக்காது என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை.
ஆட்டோவில், என் மடியில் பெட்டி,
பெட்டியின் மேல் சீல் வைத்த பில்.
கேட் போட்டிருந்தது.
கூட்ஸ் வண்டி
போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது.
டீச்சரின் அழைப்பு.
"வாங்கியாச்சா? எங்க இருக்க?"
"கேட்ல நிக்கறேன் டீச்சர்."
"எந்தப் பக்கம்?"