ஈவு

அறிக்கையில் நாடுகளின் பெயர் வேண்டாம் என்றார்
ரகோத்தமன் சார்.
அதனால் அவர்கள் ஆ,
நாம் அ.
ஒன்றாம் வகுப்புப் பலகையில் போல
பக்கத்தில் பக்கத்தில் நின்றன இரண்டு பட்டைகளும்.
ஆ மட்டும் தாளுக்குள் அடங்கவில்லை.

தரமணி அலுவலகத்தில் ஏசி எலும்பைத் தொட்டது.
இரண்டு தாளில் அச்செடுத்து
செல்லோடேப்பால் நெடுக ஒட்டி
ஆ-வின் தலையைக் கண்டுபிடித்தேன்.
அளவைச் சுருக்கியதும் ஆ உள்ளே வந்தது;
அ, அடிக்கோட்டோடு கோடாகப் படுத்துக்கொண்டது.

"லாக் ஸ்கேல்ல போடும்மா, அவ்வளவா உறுத்தாது.
இல்லேன்னா ஜிடிபியில சதவீதமாப் போடு.
ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதான்."
ஒன்றுதான்.
அண்டாவிலும் பத்தில் ஒரு பங்கு,
ஆழாக்கிலும் பத்தில் ஒரு பங்கு.

மாதிரிக்கு எடுத்த பள்ளிகளில் ஒன்று புளியந்தோப்பில்.
29சி-யில் வந்து இறங்கி
குப்பை லாரி நிற்கும் சந்துக்குள்
கெண்டைக்கால் நனைய நடந்தேன்.
எஸ்தர் நிர்மலா டீச்சர் செலவு நோட்டை எடுத்துப் போட்டார்:
துடைப்பம் இரண்டு, பினாயில், சாக்பீஸ் டப்பா,
குழாய்க்கு வாஷர்.
மூலையில், சுவர் ஒழுகும் இடத்தில், நீல நிற பக்கெட்.
அது நோட்டில் இல்லை, அவர் பர்ஸில் இருந்து வந்தது.
"அத எதுல எழுதுவீங்க?"
என்னிடம் இருபத்துமூன்று தலைப்புகள் இருந்தன.
பக்கெட் எதற்குள்ளும் போகவில்லை.

பதிவேட்டில் ஏழு பேர்.
ஐந்து வகுப்புக்கும் சேர்த்தே ஏழு.
வீடு இடித்துக் கண்ணகி நகருக்கு அனுப்பப்பட்டவர்கள் போக,
மஞ்சள் வேன் வந்து அள்ளிக்கொண்டு போனவர்கள் போக,
இவ்வளவு.

டீச்சர் சம்பளம், ஆயா சம்பளம், கரண்டு, பினாயில்
எல்லாம் கூட்டி ஏழால் வகுத்தேன்.
நம்பாமல் இன்னொரு தடவை வகுத்தேன்.
ஆ-வின் தோளுயரம்.

வகுத்துக் கிடைப்பதற்கு ஈவு என்று பெயர் வைத்தவர்
கொடுத்துப் பழகியவராக இருந்திருக்க வேண்டும்.

போன வருடம் பதினாறு பேர். அதற்கு முந்தைய வருடம் முப்பத்தொன்று.
சிவப்பு மையில் ஒரு பெயரை அடிக்கும்போதெல்லாம்
மிஞ்சிய பிள்ளைகளின் தலைக்குச் செலவு கூடியிருக்கிறது.
பெஞ்சு காலியாகக் காலியாக
பட்டை வளர்ந்திருக்கிறது.
யாரும் ஒரு ரூபாய் கூடத் தரவில்லை.

அன்றைக்கு மழை என்பதால்
வந்தவன் மோனிஷ் ஒருவன்தான்.
ஏழு பேருக்கான ரவா உப்புமா வந்திருந்தது.
மூன்றாம் தடவை வாங்கி வைத்துக்கொண்டு
காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தான்.
ஒன்றால் வகுத்தால் எதுவும் குறைவதில்லை.
காலை பத்தேகால் மணிக்கு, புளியந்தோப்பில்,
அ, ஆ-வைத் தாண்டியது,
பக்கெட்டைச் சேர்க்காமலேயே.

லேப்டாப்பை எட்டிப் பார்த்தான்.
"இன்னா மிஸ் இது?"
"இது நம்ம ஊரு பசங்க. அது வேற நாட்டுப் பசங்க."
உயரமான பட்டையை உப்புமா விரலால் அளந்தான்.
திரையில் எண்ணெய்த் தடம்.
"அங்க ஒரு கிளாஸ்ல எத்தினி பேரு மிஸ்?
வெளையாட ஆளு இருக்குமா?"

முதல் கேள்விக்கான எண் என்னிடம் இருந்தது.
சொல்லாமல் திரையைத் துடைத்தேன்.

சாயங்காலம் சாருக்கு அனுப்பி வைத்தேன்.
ஐந்து நிமிடத்தில் பதில்:
புளியந்தோப்பு சராசரியைக் கெடுக்கிறது,
எடுத்துவிடு.
அந்த வரிசை முழுவதையும் தேர்ந்தெடுத்து அழித்தேன்.
கீழே இருந்த பள்ளிகள்
ஒவ்வொரு வரி
மேலேறி நின்றன.